சக்கரம் பெருசு, பிரேக் பழசு

ரொம்ப நாளா எதுவும் எழுதல. மார்ச் வந்துட்டா எங்க பேங்க்ல ஆணி புடுங்கியே ராத்திரி ஆயிடும், அது உங்களுக்கே தெரியும். இப்போ எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு பையன்.

லேக் மார்க்கெட் பக்கம் நம்ம ஊர்க்காரங்க குடும்பம் ஒண்ணு. அப்பா காலத்துல இருந்து காய்கறி, வாழையிலை, பூ சப்ளை. பையன் காலேஜ் முடிச்சுட்டு ஒரு பிக்கப் வண்டி வாங்கி ஓட்டுறான். போன ஞாயித்துக்கிழமை காலையில வந்து, "அங்கிள், மல்லிக் பஜார் வரைக்கும் கூட வாங்க, வண்டிக்குப் பெரிய ரிம், பெரிய டயர் போடப்போறேன். நீங்க ஹிந்தியில நல்லா பேரம் பேசுவீங்க"ன்னான்.

மல்லிக் பஜார் தெரியாதவங்களுக்கு: கொல்கத்தாவுல பழைய வண்டி சாமான் எல்லாம் கிடைக்கிற இடம். நம்ம புதுப்பேட்டை மாதிரின்னு வச்சுக்கோங்க. போனோம். ரிம் பளபளன்னு அடுக்கி வச்சிருந்தான். பையன் கண்ணு அங்கேயே நின்னுடுச்சு. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, பிரேக்குக்கு என்ன பண்ணப்போற?"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு அங்கிள். அதுக்கு எதுக்குக் காசு?"

இதே பதிலை வேற ஒருத்தர் வாயால பல வருஷம் முன்னாடி கேட்டிருக்கேன். அன்னைக்கு நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல கொஞ்சம் சரித்திரம். பி.காம். படிச்சவனுக்கு சரித்திரத்துல என்ன வேலைன்னு கேக்காதீங்க, எல்லாம் ஒரு ஆர்வம்தான் :-)

முதல்ல மாடு

சக்கரத்தை மட்டும் மாத்திட்டு பிரேக்கை மறந்துபோறது லாரிக்காரங்க கண்டுபிடிச்சது இல்ல. மாட்டு வண்டியிலயே ஆரம்பிச்சது.

1888-ல ஜான் பாய்ட் டன்லப்ங்கிற கால்நடை மருத்துவர், அயர்லாந்து பெல்ஃபாஸ்ட்ல காத்தடைச்ச டயருக்குக் காப்புரிமை வாங்கினார். மகனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்காம ஓடணும்னு அவர் பண்ணின வேலை அது. அந்தப் பேர்ல வளர்ந்த கம்பெனி 1936-ல ஹூக்ளி ஆத்தங்கரையில, கொல்கத்தாவுக்கு வடக்கே சாஹாகஞ்ச்ல ஆலை போட்டது. இந்தியாவோட முதல் டயர் ஆலை அதுதான். லாரி, கார் டயரோட மாட்டு வண்டிக்கும் டயர் வித்தாங்க. பீகார், உத்தரப் பிரதேசம் பக்கம் இன்னைக்கும் டயர் போட்ட மாட்டு வண்டிக்கு "டன்லப்"னே பேரு. நம்ம ஊர்ல அது "டயர் வண்டி".

மர சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்ட பழைய வண்டியை நினைச்சுப் பாருங்க. இழுக்கக் கஷ்டம். மண் ரோட்டுல அந்த ஒல்லிப் பட்டா புதையும், உரசும். ஆனா அந்த உரசல்தான் இறக்கத்துல மாட்டுக்குத் துணை, வண்டி அவ்வளவு வேகமா உருளாது. டயர் போட்டதும் இழுக்க சுலபம் ஆச்சு. சுலபமா இருக்குன்னு முதலாளி கூடவே நாலு மூட்டை ஏத்தினார். இறக்கம் வந்தப்போ அத்தனை பாரமும் நுகத்தடி வழியா மாட்டோட கழுத்துக்குத்தான் வந்தது. நிறைய வண்டியில பிரேக்னு தனியா எதுவும் கிடையாது. இருந்தா சக்கரத்துல உரசுற ஒரு மரக்கட்டை. இல்லைன்னா மாடுதான் பிரேக்.

பெங்களூர் ஐஐஎம்முக்கு இயக்குனரா இருந்த என்.எஸ். ராமசாமி, மேனேஜ்மென்ட் பாடத்தோட சேர்த்து மாட்டு வண்டியைச் சீர்திருத்தணும், மாட்டோட கழுத்துப் பாரத்தைக் குறைக்கணும்னு வருஷக்கணக்காப் பேசிக்கிட்டு இருந்தார். சிரிச்சவங்க உண்டு. எனக்கு அவர் பேசினது இப்போதான் புரியுது.

அப்புறம் லாரி

சுதந்திரம் வந்த சமயத்துல வண்டித் தொழில்ல கொல்கத்தா பெரிய ஆளு. 1942-ல தொடங்கின ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்துல இருந்து 1948-ல உத்தர்பாராவுக்கு வந்தது. அம்பாசிடர் கார் எல்லாருக்கும் தெரியும். பெட்ஃபோர்ட் லாரியும் அங்கே தயாரானது பலருக்குத் தெரியாது. மேற்கே ஜாம்ஷெட்பூர்ல டாடா, ஜெர்மனி மெர்சிடிஸ் பென்ஸோட சேர்ந்து 1954-ல லாரி தயாரிக்க ஆரம்பிச்சது. துறைமுகம் கித்திர்பூர்ல, மண்டி பொஸ்தாவுல, டயர் சாஹாகஞ்ச்ல. லாரிக்கு வேண்டிய பாதி சங்கதி இந்த வட்டாரத்துலயே கிடைச்சது.

பிரேக் எங்கே இருந்து வந்தது தெரியுமா? நம்ம சென்னை பாடியில இருந்து! 1962-ல பிரிட்டிஷ் கம்பெனி கிளேட்டன் டிவாண்ட்ரேயோட கூட்டு சேர்ந்து அங்கே சுந்தரம் கிளேட்டன் ஆரம்பிச்சாங்க. வேலை, லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் சாமான் தயாரிக்கிறது. அதே வருஷம் அதே பாடியில பிரேக்ஸ் இந்தியா. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1960-ல, ஸ்டீல் சக்கரம் தயாரிக்கிற வீல்ஸ் இந்தியா, அதுவும் பாடியில. 1998-ல சுந்தரம் கிளேட்டனோட பிரேக் பிரிவுக்கு ஜப்பான்காரங்களோட டெமிங் பரிசு கிடைச்சது. இந்தியாவுல அதை முதல்ல வாங்கினது அவங்கதான்.

சாஹாகஞ்ச் ஆலை 2011-ல வேலையை நிறுத்தினதா அறிவிச்சது. உத்தர்பாரா 2014 மே மாசம் நின்னது. பாடி இன்னும் ஓடுது. பெருமைக்காகச் சொல்லல. ஒரு லாரிக்கு எந்த சைஸ் பிரேக் வேணும்னு கணக்குப் போடுறவங்க, இந்த எடை, இந்த டயர்னு வச்சுத்தான் போடுவாங்க. அந்தக் கணக்கு பாக்டரியோட முடிஞ்சுடுது. வண்டி வெளியே வந்ததுக்கு அப்புறம் டயரை மாத்துறவர் அந்தக் கணக்கைப் பார்க்கிறதே இல்ல.

கணக்கு

பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

பிரேக் டயரை நேரா பிடிக்கிறது இல்ல. சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற டிரம்மைப் பிடிக்குது. டயர் ரோட்டைத் தொடுற இடத்துல ரோடு பின்னாடி இழுக்கணும், அப்போதான் வண்டி நிக்கும். கிணத்துல தண்ணி இறைக்கிற ராட்டினத்தோட கைப்பிடியை நினைச்சுக்கோங்க. கைப்பிடி நீளமா இருந்தா சுத்துறது சுலபம், நடுவுல பிடிச்சு நிறுத்துறது கஷ்டம். டயர் பெருசான கைப்பிடி நீளுது. டிரம் மட்டும் அதே டிரம்.

லாரிக்காரங்க "தொள்ளாயிரம் இருபது"ன்னு சொல்ற 9.00-20 டயரோட உயரம் சுமார் 102 செ.மீ. "ஆயிரம் இருபது" சுமார் 105 செ.மீ. வித்தியாசம் சுமார் மூணு சதவீதம். அதே பெடல், அதே காத்து, பிரேக் பிடிப்பு மூணு சதவீதம் குறைவு. அதோட ஸ்பீடோமீட்டர் சின்ன டயருக்குத்தான் அமைச்சது. முள்ளு 60-ன்னு காட்டும், வண்டி 62-ல போகும். வேகத்துல இருக்கிற சக்தி வேகத்தோட இருமடிங்கிறதால, பிரேக் விழுங்கவேண்டிய சக்தி சுமார் ஏழு சதவீதம் கூடுது.

"பூ, இவ்வளவுதானா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். மூணும் ஏழும் மட்டும்னா நல்ல டிரைவர் சமாளிச்சுடுவார். மேட்டர் வேற. பெரிய டயர் எதுக்குப் போடுறாங்க? ஒவ்வொரு டயரும் சில நூறு கிலோ கூடுதலாத் தாங்கும்னுதான். டயர் தாங்குது, பட்டை வில் நாலு தகடு சேர்த்தாத் தாங்குது, அப்புறம் லோடு ஏத்த என்ன தடை? அந்தக் காலத்துல ரெண்டு அச்சு லாரிக்கு சட்டப்படி மொத்த எடை 16.2 டன். ரோட்டுல 25 டன் சாதாரணம்.

பிரேக் வேலைங்கிறது வேகத்தை சூடா மாத்துறது. அவ்வளவுதான். 16.2 டன் வண்டி 100 மீட்டர் உயரம் ஒரே வேகத்துல இறங்கினா வர்ற சூடு, 54 லிட்டர் பச்சைத்தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். 25 டன்னுன்னா 84 லிட்டர். கியரைக் குறைச்சு எஞ்சினால பிடிச்சா அதுல ஒரு பங்கு எஞ்சின் வாங்கிக்கும். நியூட்ரல்ல விட்டா கிட்டத்தட்ட அத்தனையும் டிரம்முக்கு.

டிரம் சூடானா விரியும். ஷூ தள்ளவேண்டிய தூரம் கூடும். லைனிங் சூடேறினா வழுக்க ஆரம்பிக்கும். பெடலை மிதிச்சா காத்து சரியாத்தான் போகும், மீட்டர்ல அழுத்தம் சரியா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. 1872-ல அமெரிக்காவுல வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்கு ஒரு ஏற்பாடு பண்ணினார். காத்து போயிட்டா பிரேக் தானாப் பிடிக்கிற ஏற்பாடு. இன்னைக்கு லாரியில இருக்கிற ஸ்பிரிங் பிரேக்கும் அந்த யோசனைதான். ஆனா அது காத்து போனா காப்பாத்தும். சூடேறிப் போன டிரம்முக்கு அதுவும் ஒண்ணும் பண்ணமுடியாது, ஏன்னா அதுவும் அதே ஷூவை அதே டிரம் மேலதான் அழுத்துது.

இப்போ அந்தக் கதை (கொசுவத்தி)

நான் முதல் தடவை கொல்கத்தாவுக்கு மாத்தலாகி வந்தப்போ லோன் பிரிவுல இருந்தேன். முப்பது வயசுக்குக் கிட்ட. லாரி லோன் கொடுத்தா வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியை நேர்ல பார்த்து ரிப்போர்ட் எழுதணும். சேசிஸ் நம்பரை பேப்பர் வச்சு பென்சிலால தேய்ச்சு எடுக்கணும், எஞ்சின் நம்பர், இன்சூரன்ஸ், பர்மிட், எஃப்.சி. எல்லாம் பார்க்கணும்.

2012-ல துறைமுகம் பக்கம் ஒரு கேரேஜ்ல அப்படி ஒரு வண்டி பார்க்கப் போனேன். ஓனர் நல்ல மனுஷன், தவணை ஒரு நாள் தப்பாது. ரெண்டு லாரி வச்சிருந்தார். அதுல ஒண்ணுக்குப் புது ரிம், புது ஆயிரம் இருபது டயர் பத்தும் போட்டு நிறுத்தியிருந்தார். எங்க சித்தப்பா சங்ககிரியில லாரி ஓட்டினவர், அதனால டயரைப் பார்த்தா எனக்குச் சந்தோஷம் வரும். "தொள்ளாயிரம் தானே இருந்தது?"ன்னு கேட்டேன். சிரிச்சார்.

அங்கே ஒரு வயசான மிஸ்திரி. கையைத் துடைச்சுக்கிட்டே வந்து, "மேனேஜர் பாபு, நீங்களாவது சொல்லுங்க. சக்கரம் மாத்தினா பிரேக்கையும் பார்க்கணும். லைனிங் பாதிதான் இருக்கு. பின்னாடி சேம்பர் சின்னது"ன்னார். ஓனர் சொன்னார், "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது, அதுக்கு எதுக்குக் காசு?" எனக்கு மணி ஆயிடுச்சு. தலையாட்டிட்டு வண்டியில ஏறிட்டேன். ரிப்போர்ட்ல எழுதினது இன்னும் ஞாபகம் இருக்கு. "வாகனம் நல்ல நிலையில் உள்ளது. புதிய டயர்கள் பொருத்தப்பட்டுள்ளன." அடமானப் பொருளோட மதிப்பு கூடியிருக்குன்னு கூட ஒரு வரி.

மூணு மாசம் கழிச்சு துர்காபூர் பக்கம் இரும்பு ஏத்திக்கிட்டு அந்த வண்டி மேற்கே போச்சு. ஜி.டி. ரோட்டுல ஜார்கண்ட் முடிஞ்சு பீகாருக்கு இறங்குற இடத்துல தனுவா காட்டுப்பாதை இருக்கு. சேலம் - தர்மபுரி ரோட்டுல தொப்பூர் கணவாய் எப்படியோ, இந்தப் பக்கத்து லாரிக்காரங்களுக்கு தனுவா அப்படி. ரெண்டு இடத்துலயும் "பிரேக் பிடிக்கல"ங்கிற வார்த்தை பேப்பர்ல வந்துக்கிட்டே இருக்கும். இறக்கத்துல பாதியில பிரேக் போச்சு. டிரைவர் எதிர்ல வந்தவங்க மேல மோதாம மலைப் பக்கம் திருப்பினார். அவருக்கு ஒரு கால் போச்சு. க்ளீனர் பையன் இறந்துட்டான். பத்தொன்பது வயசு.

ஓனர் எங்க கிளைக்கு வந்து என் எதிர்ல உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவே இல்ல. இன்சூரன்ஸ் சர்வேயர், ஆர்.சி.யில இருக்கிற டயர் சைஸ் வேற, வண்டியில இருந்தது வேறன்னு குறிச்சிருந்தார். லோடும் அதிகம். பாதி பணம்கூடத் தேறல. மிச்ச லோனை அவர் இன்னொரு லாரியை வித்துக் கட்டினார். என் ரிப்போர்ட்டை யாரும் கேள்வி கேட்கல. அந்த ஃபார்ம்ல பிரேக்குக்குன்னு கட்டமே கிடையாது.

டயர் சைஸ் அந்தப் பையனைக் கொன்னுதுன்னு நான் சொல்லமாட்டேன். மூணு சதவீதம் யாரையும் கொல்லாது. ஆனா அந்த டயர் இல்லைன்னா அவ்வளவு லோடு ஏறியிருக்காது. அந்த மிஸ்திரி சொன்னதை ஒரு அதிகாரி எழுத்துல போட்டிருந்தா ஓனர் கேட்டிருப்பாரோ என்னவோ.

சரி, பிரேக்கை எப்படிப் பெருசாக்குறது?

பிற்பாடு அதே மிஸ்திரிகிட்ட போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் இது.

ஏர் பிரேக்ல ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சேம்பர். உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம். அதோட பரப்பு சதுர அங்குலத்துல எவ்வளவோ அதுதான் சேம்பரோட நம்பர். 24-ஐ எடுத்துட்டு 30 போட்டா அதே காத்து அழுத்தத்துல கால் பங்கு கூடுதல் தள்ளு. கேக்க சுலபம். ஆனா தள்ளு கூடினா சூடு குறையாது. அகலமான ஷூ, கனமான டிரம் வேணும், சூட்டை வாங்கி வெளியே விட. பெரிய சேம்பர் அதிகக் காத்து குடிக்கும், டேங்க்கும் கம்ப்ரஸரும் அதுக்கு ஈடு கொடுக்கணும். சேம்பர் உட்கார்ந்திருக்கிற பிராக்கெட் அந்த விசையைத் தாங்கணும். பின்னாடி மட்டும் கூட்டினா, காலி வண்டியில மழை ரோட்டுல பின்சக்கரம் சிக்கிக்கிட்டு வண்டி பாம்பு மாதிரி நெளியும். அதனால முன்னும் பின்னும் சேர்த்துத்தான் பார்க்கணும். லைனிங் தேயத்தேய ஸ்லாக் அட்ஜஸ்டரை முறுக்கணும், நிறைய பேர் முறுக்குறது இல்ல. தானா முறுக்கிக்கிற அட்ஜஸ்டர் போட்டா அந்தக் கவலை குறையும்.

மொத்தத்துல, பெரிய அச்சு, பெரிய பிரேக்கோட வர்ற வண்டியையே வாங்குறது மலிவு. மிஸ்திரியே சொன்னார், சிரிச்சுக்கிட்டே.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பக்கம் வந்திருக்கு. அபராதம் மாதிரி ஒரு தொகை வாங்கிக்கிட்டு ஓவர்லோடை விட்டுடுற வழக்கம் சில மாநிலங்கள்ல இருந்தது. 2005 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் அது கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2015-ல கனரக லாரி, பஸ்ஸுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் ஆச்சு. 2018 ஜூலையில ரெண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னை 18.5 ஆக்கினாங்க, மூணு அச்சுக்கு 25-ஐ 28.5 ஆக்கினாங்க. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு.

மல்லிக் பஜாருக்குத் திரும்பவும்

இவ்வளவையும் ரிம் கடை வாசல்ல நின்னு சொல்லல. எதிர்த்தாப்புல டீக்கடை, மண் குவளையில ரெண்டு டீ, சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாலு டீ ஆயிடுச்சு. பையன் வண்டி சின்னது, ஹைட்ராலிக் பிரேக். இருந்தாலும் கணக்கு அதேதான். "பெரிய ரிம் போட்டா உள்ளே பெரிய டிஸ்க் போட இடம் கிடைக்குமே அங்கிள்?"னு கேட்டான். புத்திசாலிப் பையன். "இடம் கிடைக்கும் தம்பி. ஆனா டிஸ்க் தானா வளராது. நீ போடணும். காலிப்பர் மாத்தணும். அதுக்கு ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் ரெண்டும் ஒத்துக்கணும்"னேன்.

ரிம் வாங்கல. கோவமா இருந்தான், வீடு வர்ற வரைக்கும் பேசல. ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணினான். "அங்கிள், கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பின்னாடி டிரம்மைக் கழட்டச் சொன்னேன். லைனிங் ஆணி வரைக்கும் தேஞ்சிருந்தது."

அந்த வண்டியிலதான் அவன் தங்கச்சி பண்டிகைக்கு முன்னாடி வாழைக்கன்னு மேல உட்கார்ந்து வருவா. நான் பார்த்திருக்கேன்.

நம்ம வீடுகள்ல யார்கிட்டயாவது லோடு வண்டி இருந்தா, ஊருக்குப் போக வேன் பிடிக்கிறவங்களா இருந்தா, ஏறுறதுக்கு முன்னாடி ஆர்.சி.யில இருக்கிற டயர் சைஸையும் டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கிற சைஸையும் ஒரு தடவை ஒத்துப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. ஒத்துப்போகலைன்னா பிரேக்கைப் பத்திக் கேளுங்க. டிரைவர் கோவிச்சுக்கிட்டா பரவாயில்ல.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல. இப்போ வண்டி பார்க்கப் போனா ரிப்போர்ட்ல கட்டம் இல்லாத இடத்துல, கீழே ஓரமா, கையால ஒரு வரி எழுதுறேன்: பிரேக் லைனிங், டயர் சைஸ் சரிபார்த்தேன். மேலிடத்துல யாரும் படிக்கிறாங்களான்னு தெரியாது. நான் எழுதிட்டுத்தான் கையெழுத்துப் போடுறேன்.